10 டாலர் ஆப்டிமஸா, 700 டாலர் ஆப்டிமஸா?

சிவப்பு கேபின், நீலக் கால்கள், மார்பில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளில் லாரியாக மாறும் ரோபோவான ஆப்டிமஸ் பிரைமை அடையாளம் காண இவ்வளவு போதும். இதே ஆளை 10 டாலருக்கும் வாங்கலாம், 700 டாலருக்கும் வாங்கலாம். நடுவில் 35, 55, 150 என்று படிப்படியாக விலைகள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆப்டிமஸில்தான் தொடங்குகிறார்கள். முதல் தவறையும் அவனிடமே செய்கிறார்கள். கூடுதல் விலை என்றால் கூடுதல் தரம் என்று நம்பி நேராக மேல்படிக்குத் தாவுவதுதான் அந்தத் தவறு.

விலை ஏற ஏற உண்மையில் கூடுவது அளவு, பெயின்ட், துணைப்பொருட்கள், பாகங்களின் எண்ணிக்கை ஆகியவை. மூட்டு இறுக்கமாக இருக்குமா, கொக்கி சரியாக உட்காருமா என்பது இந்தக் கணக்கில் வராது. அது அச்சு எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டது, எந்த பிளாஸ்டிக் எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. 35 டாலர் பொம்மையில் அது அருமையாக அமைந்ததுண்டு. 300 டாலர் பொம்மையில் சொதப்பியதும் உண்டு. அதனால் வாங்குமுன் கேட்டுக்கொள்ள ஒரு கேள்விதான்: இதை எத்தனை தடவை லாரியாகவும் ரோபோவாகவும் மாற்றப் போகிறோம்? வாரம் ஒரு முறை கையில் எடுப்பவருக்கும், வருடம் ஒரு முறை தூசி தட்டுபவருக்கும் ஒரே பொம்மை ஒத்துவராது.

பெட்டியில் போட்டிருக்கும் அளவு

இந்தப் பொம்மைகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் சாதாரண வரிசைகளில் கோர், டீலக்ஸ், வாயேஜர், லீடர், கமாண்டர், டைட்டன் என்று வகுப்புகள் இருக்கின்றன. இவற்றை உயர அளவாக நினைப்பது புதியவர்களின் வழக்கம். உண்மையில் இது பட்ஜெட். ஒரு லீடர் பெட்டியில் இவ்வளவு பிளாஸ்டிக், இவ்வளவு பெயின்ட், இவ்வளவு பாகங்கள் என்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அது பெரிய ரோபோவாகவும் வரலாம், சின்ன ரோபோவும் பெரிய டிரெய்லருமாகவும் வரலாம். 2020-இல் எர்த்ரைஸ் வரிசையில் வந்த லீடர் ஆப்டிமஸ் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 50 டாலர். ரோபோ மட்டும் பார்த்தால் வாயேஜர் உயரம்தான், சுமார் 7 அங்குலம். மிச்சப் பணம் விரித்தால் தளமாக மாறும் டிரெய்லருக்குப் போயிருக்கிறது. டிரெய்லர் வேண்டாம் என்பவர் அதை லீடர் விலைக்கு வாங்குவது நஷ்டம். டிரெய்லர்தான் பாதி ஆப்டிமஸ் என்பவருக்கு அதே பெட்டி லாபம்.

2007 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் டீலக்ஸ் 10 டாலர், வாயேஜர் 20 டாலர். 2023 வாக்கில் டீலக்ஸ் 25-ஐயும் வாயேஜர் 35-ஐயும் லீடர் 55-ஐயும் தொட்டுவிட்டன. விலையேற்றத்தையும் மீறிச் செலவைக் குறைக்க நிறுவனம் கை வைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, முன்கை, தொடை, காலின் பின்பக்கம் ஆகியவற்றை உள்ளே வெற்றுக்குழியாக விடுவது. மற்றொன்று பெயின்ட். வண்ணப் பூச்சுக்குப் பதில் அந்த நிறத்திலேயே வார்த்த பிளாஸ்டிக் வரும்; வெள்ளிக் கோடுகள் விடுபட்டுப்போகும். குழி கண்ணை உறுத்தும், ஆனால் பொம்மையின் ஆயுளைக் குறைக்காது. பக்கவாட்டில் திருப்பி எடுத்த படங்களைப் பார்த்துவிட்டால் ஏமாற்றம் இருக்காது. கடைப் படங்கள் பெரும்பாலும் நேர் முன்பக்கமாகவே இருக்கும் என்பது தற்செயல் இல்லை.

10 டாலரும் 35 டாலரும்

2021-இல் கிங்டம் வரிசையில் கோர் அளவு ஆப்டிமஸ் வந்தது. சுமார் 9 செ.மீ. உயரம், சட்டைப்பையில் போடலாம். இந்த அளவில் பெரும்பாலும் பந்து மூட்டுகள்தான் வரும். அவை தேய்ந்து தளரும், ஆனால் உடைவது அபூர்வம்; கழன்று வந்தால் திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துவிடும். மேசையில் வைத்து வேலைக்கு நடுவே மாற்றிக்கொண்டிருக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

வாயேஜர்தான் இந்த ஒப்பீட்டில் வெற்றி பெறும் வகுப்பு. 2018-இல் தொடங்கிய ஸ்டுடியோ சீரீஸில் 38-ஆவது எண்ணாக 2019-இல் வந்த ஆப்டிமஸ், பம்பிள்பீ படத்தின் தோற்றத்தில் செய்யப்பட்டது. சுமார் 6.5 அங்குலம், வெளியானபோது 30 டாலர். முன்பு இந்த வகுப்பில் பல பொம்மைகளுக்கு இடுப்பு திரும்பாது. இப்போது இடுப்புச் சுழற்சி, பக்கவாட்டில் சாயும் கணுக்கால் இரண்டும் வாயேஜரில் சர்வசாதாரணம். சாயும் கணுக்காலைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கால்களை அகற்றி நிற்க வைக்கும்போது பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் பொம்மை மின்விசிறிக் காற்றுக்கே சாயும்.

குழந்தைக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். வாயேஜர் பெட்டியில் 8 வயதுக்கு மேல் என்று இருக்கும், சேகரிப்பாளர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசையில் 15. ஆபத்தை மட்டும் குறிக்கும் எண் என்று இதை நினைத்துவிடக் கூடாது. எந்த வயதில் கோபத்தில் பலவந்தமாகத் திருப்பாமல் இருப்பார்கள் என்பதற்கும் அதுவே நல்ல கணிப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே அசைவில் மாறும் ஒன்-ஸ்டெப் வகை போதும். சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பிள்ளை சுளிக்காது.

மாஸ்டர்பீஸ்: மூன்று தலைமுறை

ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயாக்ளோன் பொம்மைகளிலிருந்து வந்தவன் ஆப்டிமஸ். அவற்றின் உரிமத்தை ஹாஸ்ப்ரோ வாங்கி 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் இறக்கியது. டகாரா 2006-இல் டோமியுடன் இணைந்து டகாரா டோமி ஆனது. அவர்களின் உயர்தர வரிசை மாஸ்டர்பீஸ். அதில் ஆப்டிமஸுக்கு மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. ஜப்பான் பெட்டிகளில் அவன் பெயர் கான்வாய்.

எம்பி-1 (எம்பி என்றால் மாஸ்டர்பீஸ்), 2003. சுமார் ஓர் அடி உயரம், டை-காஸ்ட் உலோகம், அதாவது அச்சில் உருக்கி வார்த்த உலோகம், தாராளம். தூக்கிப் பார்த்ததும் காசுக்கு மதிப்பு என்று தோன்றும். வேறெந்தப் பொம்மையுடனும் அளவு பொருந்தாது, கனத்தால் மூட்டுகள் உழைக்கும். தனியாக ஒரு பீடத்தில் நிற்க வைக்க மட்டும் நல்லது.

எம்பி-10, 2011. உயரத்தைக் குறைத்து, டிரெய்லரையும் ரோலர் என்ற குட்டி வண்டியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இதற்குப் பிறகு வந்த மாஸ்டர்பீஸ் கார்கள் இதன் அளவை ஒட்டியே செய்யப்பட்டதால், அலமாரியில் எல்லாரும் சேர்ந்து நிற்க முடிந்தது. மாற்றும் படிகள் அதிகம் என்றாலும் நாலைந்து தடவை செய்தால் கை பழகிவிடும். கையில் வைத்து விளையாடத்தக்க கடைசி மாஸ்டர்பீஸ் ஆப்டிமஸ் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். டிரெய்லரோடு நிறுத்த ஒரு முழம் இடம் ஒதுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு வாங்கி, டிரெய்லரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் பலர்.

எம்பி-44, 2019. விலை எம்பி-10 வெளியானபோது இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நோக்கம் ஒன்றே: பழைய கார்ட்டூனில் வரைந்திருந்த ரோபோவை அப்படியே கொண்டுவருவது. வரைபடத்தில் இல்லாத லாரிப் பாகமெல்லாம் உடலுக்குள் மறைய வேண்டும் என்றால் அவை மெல்லிய தகடுகளாக மடிந்து மடிந்து உள்ளே போக வேண்டும். தகடு மெலிய மெலிய, மூட்டு கூடக் கூட, தவறான வரிசையில் ஒன்றைத் திருப்பினால் பெயின்ட் உரசும், விளிம்பு வெளுக்கும். ரோபோவாக நிற்கும்போது அற்புதம். ஆனால் இதை வாங்கியவர்களில் பலர் இரண்டு முறை மாற்றிவிட்டு ரோபோவாகவே நிறுத்திவிடுகிறார்கள். மாறும் பொம்மைக்கு அத்தனை விலை கொடுத்துச் சிலையாக வைப்பதென்றால், மாறாத உருவத்தையே அதைவிட மலிவாக, இன்னும் அழகாக வாங்கலாமே. திரீஜீரோ போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்றே அவற்றைச் செய்கின்றன.

இந்த நெருக்கடிக்கு டகாரா டோமியே கொடுத்த பதில் 2024-இல் வந்த மிஸ்ஸிங் லிங்க் வரிசை. அதன் சி-01 கான்வாய், 1984 பொம்மையின் தோற்றமும் மாறும் முறையும் மாறாமல், இன்றைய பொம்மைகளுக்குரிய மூட்டுகளை மட்டும் உள்ளே நுழைத்தது. மாற்றுவது ஒரு நிமிட வேலை. பழைய பொம்மைமேல் ஆசை, ஆனால் மஞ்சளடித்த பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்பவருக்கு மாஸ்டர்பீஸைவிட இது பொருத்தம்.

1984 அசலைத்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது முஷ்டிகளை. இரண்டும் தனித்தனியே கழன்று வருபவை. நாற்பது வருடத்தில் ஏதோ ஒரு சோபாவுக்கடியில் போயிருக்கும். அடுத்தது துப்பாக்கி, ஏவுகணைகள், எரிபொருள் குழாய். குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா, ஸ்டிக்கர்கள் அசலா என்பது பிறகு. 2002-இல் அமெரிக்காவில் வந்த மறுவெளியீட்டில் குழந்தைப் பாதுகாப்பு கருதிப் புகைக்குழாய்களைக் குட்டையாக்கினார்கள். அதை அசல் என்று விற்கப் பார்ப்பவரிடம் புகைக்குழாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உரிமம் இல்லாதவர்கள்

இங்கே இரண்டு சாதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேஜிக் ஸ்கொயர், டிரான்ஸ்ஃபார்ம் எலிமெண்ட், ஃபேன்ஸ் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் உரிமம் இல்லாமல், பெயரை மாற்றி, ஆனால் சொந்த வடிவமைப்பில் செய்கின்றன. இவற்றைச் சேகரிப்பாளர்கள் மூன்றாம் தரப்பு என்பார்கள். மற்றொரு சாதி, டகாராவின் அச்சையே நகலெடுத்து விற்பது. முன்னதில் கைவேலை நன்றாகவே இருக்கும். மேஜிக் ஸ்கொயரின் 12 செ.மீ. சொச்ச ஆப்டிமஸில் வாயேஜரைவிடப் பெயின்ட் அதிகம், குழிகள் குறைவு. டிரான்ஸ்ஃபார்ம் எலிமெண்டின் டிஇ-01 கார்ட்டூன் தோற்றத்தை எம்பி-44-ஐவிடக் குறைந்த விலையில் தொட்டது. அபாயம் வேறிடத்தில். ஒரு பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் விற்றவரின் தயவைப் பொறுத்தது. முதல் தொகுதியில் இருந்த குறை இரண்டாம் தொகுதியில் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருக்கும். அவசரப்பட்டு முன்பதிவு செய்தவருக்குத்தான் குறையுள்ளது வரும். இந்த வகையில் பொறுமைசாலிக்கே நல்ல சரக்கு.

நகல்களில் மிகவும் கவர்ச்சி காட்டுவது பெரிதாக்கிய நகல். எம்பி-10-ஐ ஓர் அடிக்கு மேல் உயர்த்தி, உலோகம் சேர்த்து, அசலைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். கனமாக இருக்கும், கனம் என்றால் தரம் என்ற நம்பிக்கையில் கை நீளும். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு பொம்மையை எல்லாப் பக்கமும் 1.3 மடங்கு பெரிதாக்கினால் எடை 1.3-இன் மும்மடி, அதாவது சுமார் 2.2 மடங்கு ஆகும். கையும் 1.3 மடங்கு நீளம் ஆவதால் தோள் மூட்டில் விழும் திருப்புவிசை சுமார் 2.9 மடங்கு. மூட்டின் உரசல் தாங்கும் திறனோ சுமார் 2.2 மடங்குதான் கூடும். மிச்சத்தை யார் தாங்குவது? கை தொங்கும். முன்கையில் உலோகமும் சேர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். உலோகம் பாதத்தில் இருந்தால் வரம்: எடை கீழே இருப்பதால் நிற்கும். கையிலும் மார்பிலும் இருந்தால் சுமை.

நகலா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள்: அசலில் பாதத்தின் அடியிலோ தொடையின் உட்பக்கமோ ஹாஸ்ப்ரோ, டகாரா டோமி பெயர்கள் அச்சில் பொறிக்கப்பட்டிருக்கும், நகலில் அந்த இடம் சுரண்டி மழுப்பியிருக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் கரைப்பான் வாடை இன்னொன்று. ஸ்க்ரூ தலைகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் சில உள்ளே, சில வெளியே இருந்தாலும் சந்தேகப்படலாம்.

700 டாலருக்கு வருவோம். ரோபோசென் நிறுவனம் 2021-இல் ஹாஸ்ப்ரோ உரிமத்துடன் விட்ட ஆப்டிமஸ் 27 சர்வோ மோட்டார்களால் குரல் கட்டளைக்குத் தானே மாறும், நடக்கும். அப்போது விலை 699 டாலர். வேடிக்கை பார்க்க ஈடில்லை. ஆனால் அது மின்னணுச் சாதனம். பேட்டரி, செயலி, கியர் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. பொம்மை வாங்கும் பணத்தில் எடுக்காமல், போன் வாங்கும் பணத்தில் எடுக்க வேண்டிய செலவு.

இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன டாலர் விலைகள் பாதிக் கதைதான். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். ஜப்பானிலிருந்து வரும் பெட்டியில் அது இருக்காது. ஆகவே உள்நாட்டுக் கடையில் வாயேஜர் கிடைக்கும் விலையையும், வெளியிலிருந்து வரவழைக்கும் விலையோடு தபால், வரி, சுங்கத்தில் மாட்டும் நாட்கள் மூன்றையும் கூட்டி வருவதையும் ஒப்பிட வேண்டும். வெளிநாட்டில் 50 டாலர் லீடரும் 100 டாலர் மூன்றாம் தரப்பும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும். இங்கே வந்து சேரும்போது அந்த இடைவெளி பெரிதாகிவிடும். சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவினர் இருந்தால் பயணப்பெட்டியில் ஒரு மூலை கேட்பது இந்தப் பொழுதுபோக்கின் எழுதப்படாத விதி.

கைக்கு வந்த பிறகு

எந்த விலைப் பொம்மையானாலும் முதல் பத்து நிமிடம் மாற்றிப் பார்க்கக் கூடாது. துணைப்பொருட்களைக் கையேட்டில் உள்ள படத்தோடு எண்ணிப் பார்க்கவும். பிறகு இடது வலது பாகங்கள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். இரண்டு இடது முன்கைகளோடு பெட்டி வருவது கேலிக்கதை இல்லை. அடுத்து உலோகப் பின் நுழையும் இடங்களில், குறிப்பாக ஜன்னல் கண்ணாடியில், வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும். ஆப்டிமஸின் பலவீனம் அங்கேதான். நிறமற்ற பிளாஸ்டிக் கடினமானது, வளையாது. அதற்குள் பின்னை இறுக்கி அடித்திருந்தால் இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் விரியும். வெள்ளைக் கோடு தெரிந்தால் அசைக்காமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்புவதே சரி.

மூட்டு இறுகி நகராவிட்டால் பலம் காட்ட வேண்டாம். ஹேர் டிரையரில் அரை நிமிடம் மிதமான சூடு காட்டி மெதுவாகத் திருப்பினால் பெரும்பாலும் வழிக்கு வரும். இல்லாவிட்டால் ஊசிமுனை அளவு சிலிக்கோன் கிரீஸ். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் பெட்ரோலிய ஸ்ப்ரே அதைவிட மோசம்: ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசலைக் கிளப்பிவிடும்.

தளர்ந்த பந்து மூட்டுக்கு மலிவான வைத்தியம், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். பந்தின்மேல் ஒரு சுற்று, அதிகப்படியை வெட்டிவிட்டு அழுத்தவும். நிரந்தரமாக வேண்டும் என்றால், பந்தைக் கழற்றி வெளியே எடுத்துச் சூப்பர் குளுவை மெல்லிய படலமாகப் பூசி, முழு இரவு காய விட்டு, பிறகே பொருத்த வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் பொருத்தினால் மூட்டு சிலையாகிவிடும். நிறமற்ற பாகங்களுக்குப் பக்கத்தில் அந்தப் பசை வேண்டாம். அதன் ஆவி படிந்து கண்ணாடி பால் நிறமாகும். நகப்பூச்சு பூசலாம் என்ற யோசனையும் உலவுகிறது. அதிலுள்ள கரைப்பான், பொம்மைகளில் பரவலாக வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அரிக்கும். டிக்-டிக் என்று பல் பிடித்து நகரும் மூட்டில் இவை எதுவும் பலிக்காது. அங்கே ஸ்க்ரூவைக் கால்வாசிச் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். முன்பே போட்ட மரையில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் எதிர்த்திசையில் சுழற்றி, மரை விழும் சின்னச் சொடுக்கு தெரிந்ததும் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய மரை வெட்டிக்கொண்டு பிளாஸ்டிக் தூளாகும்.

அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருக்க வேண்டாம். வெள்ளை, இளஞ்சாம்பல் பாகங்கள்தான் முதலில் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயில் காட்டி வெளுக்கலாம் என்றாலும், பெயின்டும் சேர்ந்து போகலாம், மஞ்சளும் சில வருடங்களில் திரும்பி வரும். 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த, தங்க நிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் கொண்ட பொம்மைகள் இன்னொரு தலைவலி. பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் தானே பொடிந்துவிடும். 1988-இல் ஜப்பானில் வந்த பிளாக் ஜாரக் இதற்குப் பெயர்போனது. அதை என்ன விலைக்கும் வாங்கி மாற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். கடலோர ஊர்களில் பின்களும் ஸ்க்ரூக்களும் துருப்பிடிக்கும், ஆகவே டப்பாவில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வைக்கலாம். ரப்பர் டயர் உள்ள மாஸ்டர்பீஸை மாதக்கணக்கில் லாரியாகவே நிறுத்துபவர்கள், டயருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் நடுவே ஒரு தாளையாவது வைக்க வேண்டும். ரப்பரிலிருந்து கசியும் மென்மையூட்டி தட்டை இளக்கிவிடும். பிறகு டயரைப் பிரித்தெடுத்தால் அதன் கோடுகள் அலமாரியிலேயே பதிந்திருக்கும்.